பழைய விளையாட்டு, புதிய திரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க உதவும் ‘வைன்’ மென்பொருளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நிரல் தொடங்கியதும் திரையின் ரெசல்யூஷன் (அகலத்திலும் உயரத்திலும் எத்தனை புள்ளிகள் என்ற அளவு) மாறுவதையும் அதனால் நேரும் குழப்பங்களையும் பற்றியவையாக இருந்தன. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். (நம்மூர்ப் பலகைகளில் ‘ஒயின்ஸ்’ என்று எழுதியிருப்பது வேறு சமாசாரம் என்பதை நினைவூட்டும்படி ஓர் அன்பர் கேட்டுக்கொண்டார். நினைவூட்டிவிட்டோம்.)

கேள்வி: என் கணினியின் திரை 1920 × 1080 அளவுடையது. வைன் மூலம் 1998ஆம் ஆண்டு வெளியான ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டைத் திறந்தால் திரை ஒரு நொடி கறுத்து, பிறகு விளையாட்டு பெரிதாகத் தெரிகிறது. மூடிய பின் பார்த்தால், டெஸ்க்டாப்பில் ஒழுங்காக அடுக்கியிருந்த ஐகான்கள் எல்லாம் இடது மூலையில் குவிந்து கிடக்கின்றன. இது யார் செய்யும் வேலை? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: குற்றத்தை ஒருவர் தலையில் மட்டும் சுமத்த முடியாது. நான்கு பேர் தத்தம் கடமையைச் சரியாகச் செய்ததன் விளைவே நீங்கள் பார்க்கும் குவியல்.

முதலில் அந்த விளையாட்டு ஏன் ரெசல்யூஷனை மாற்றுகிறது என்பதைப் பார்ப்போம். அது எழுதப்பட்ட காலத்தில் மேசைகளின் மீது இருந்தவை கண்ணாடிக் குழாய்த் திரைகள். இன்றைய எல்சிடி திரைகளைப் போல அவற்றுக்கு இத்தனை புள்ளிகள்தான் என்ற நிலையான எண்ணிக்கை கிடையாது. எலெக்ட்ரான் கற்றை எத்தனை வரிகளை வரைகிறதோ அதுவே அப்போதைய அளவு. 640 × 480 என்றாலும் 1024 × 768 என்றாலும் படம் திரையை நிறைத்துக்கொண்டு இயல்பாகவே தெரியும். இன்னொரு காரணம், வரைகலை அட்டையின் நினைவகம். 256 நிறங்கள் கொண்ட 640 × 480 படத்துக்கு ஒரு புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 300 கிலோபைட் போதும். அதே அட்டையில் 1024 × 768 அளவும் 65,536 நிறங்களும் வேண்டுமென்றால் ஒன்றரை மெகாபைட் தேவைப்படும். அன்று பலரிடம் இருந்த அட்டையில் மொத்தமே ஒரு மெகாபைட்தான். ஆகவே விளையாட்டை எழுதியவர்கள், நிரல் தொடங்கியதும் திரையைத் தங்களுக்கு ஏற்ற அளவுக்கு மாற்றிக்கொள்வதையும் முடிந்ததும் திருப்பித் தருவதையும் வழக்கமாக வைத்திருந்தார்கள். வாடகை வீட்டுக்கு வந்தவர் வந்தவுடன் சுவரை இடித்துக் கட்டிக்கொள்வது போன்ற வழக்கம்தான் என்றாலும், அன்று அது யாரையும் உறுத்தவில்லை.

இப்போது உங்கள் கணினியில் அந்த ஒரு நொடியில் நடப்பதைப் பார்ப்போம். விளையாட்டு, விண்டோஸிடம் பேசுவதாக எண்ணிக்கொண்டு, அகலம் 640, உயரம் 480, நிறத்துக்கு 8 பிட் என்று ஒரு படிவத்தை நிரப்பி வைனிடம் நீட்டுகிறது. வைன் தன்னிடமுள்ள ரெசல்யூஷன் பட்டியலில் அந்த அளவு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் லினக்ஸின் வரைகலைச் சேவையகமான எக்ஸ்11இடம் ‘ரேண்டார்’ என்ற நீட்சியின் வழியே மாற்றக் கோருகிறது. எக்ஸ்11, வரைகலை அட்டைக்குப் புதிய அளவைச் சொல்கிறது. திரை புதிய சமிக்ஞையைப் பிடித்துக்கொள்ள எடுக்கும் நேரமே நீங்கள் கண்ட கறுப்பு. இத்துடன் முடிந்திருந்தால் தொல்லை இல்லை. ஆனால் ‘திரையின் அளவு மாறிவிட்டது’ என்ற அறிவிப்பு உங்கள் டெஸ்க்டாப்புக்கும் போகிறது. அதுவோ, நீங்கள்தான் சிறிய திரைக்கு மாறிவிட்டீர்கள் என்று நம்பி, 640 × 480க்கு வெளியே விழும் ஐகான்களையும் சாளரங்களையும் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குள் இழுத்து வைக்கிறது. விளையாட்டு முடிந்து திரை பழைய அளவுக்குத் திரும்பியதும் டெஸ்க்டாப்புக்கு மறுபடி அறிவிப்பு வருகிறது. ஆயினும் முன்பு எது எங்கே இருந்தது என்பதைப் பெரும்பாலான டெஸ்க்டாப்புகள் நினைவில் வைத்திருப்பதில்லை. இடம் பெரிதானதால் எதையும் நகர்த்த வேண்டிய அவசியமும் அவற்றுக்கு இல்லை. ஆகவே மூலையில் குவிந்தவை அங்கேயே கிடக்கின்றன.

ஆகவே கேட்ட விளையாட்டும், கேட்டதைக் கொடுத்த வைனும், மாற்றிய எக்ஸ்11உம், அடுக்கிய டெஸ்க்டாப்பும் தம்மளவில் நியாயமாகவே நடந்துகொண்டிருக்கின்றன. இதிலிருந்து தப்பும் வழிகளைப் பின்வரும் பதில்களில் காணலாம்.

கேள்வி: விளையாட்டு பாதியில் நின்றுபோனது. திரை 640 × 480இலேயே மாட்டிக்கொண்டது. அமைப்புகளைத் திறந்து சரிசெய்யலாம் என்றால், ‘சரி’ பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டதால் அழுத்த முடியவில்லை. மறுதொடக்கம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உண்டு. இந்தப் பகுதியை எழுதுபவரும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்தான். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுக் குழந்தைக்காக ஒரு பழைய கல்விக் குறுந்தகட்டை வைனில் இயக்கியபோது, நிரல் உறைந்து, திரை முழுவதும் ஒரு யானையின் காது மட்டும் தெரிந்தபடி நின்றுவிட்டது. குழந்தைக்கு அது வேடிக்கையாக இருந்தது. எழுதிக்கொண்டிருந்த கட்டுரையைச் சேமிக்காமல் பின்னால் திறந்து வைத்திருந்தவருக்கு வேடிக்கையாக இல்லை.

அன்று கைகொடுத்த வழி இது. கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் உபுண்டு போன்ற பல லினக்ஸ் பதிப்புகளில் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்னும் ஆறு எழுத்துகளைச் சிறிய ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் எஸ் எழுத்தும் இட்டு, மறுபடி ஓர் இடைவெளி விட்டுச் சுழியத்தை எழுதி என்டர் விசையை அழுத்துங்கள். ரெசல்யூஷன் பட்டியலில் முதலாவதாக இருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் திரையின் இயல்பான அளவுக்கு, காட்சி திரும்பும். உறைந்த விளையாட்டு கட்டளைச் சாளரத்தை மறைத்துக்கொண்டிருந்தாலும், விசைப்பலகை அதன் பிடியில் இல்லாதவரை, கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சிட்டாலும் கட்டளை வேலை செய்யும்.

பொத்தான் திரைக்கு வெளியே போன சிக்கலுக்குத் தனித் தீர்வு உண்டு. ஆல்ட் விசையை அழுத்தியபடி சாளரத்தின் எந்தப் பகுதியையும் சுட்டியால் பிடித்து மேலே இழுக்கலாம். சில டெஸ்க்டாப்புகளில் ஆல்ட்டுக்குப் பதிலாக விண்டோஸ் சின்னம் பொறித்த விசையைப் பயன்படுத்த வேண்டும். தலைப்புப் பட்டை திரைக்கு மேலே போனாலும் கவலையில்லை.

நிரல் முறையாக முடிந்தால் தான் மாற்றிய ரெசல்யூஷனைத் தானே மீட்டுவிடும். இடையில் இறந்துபோனால் மீட்பதற்கு ஆள் இருக்காது. உண்மையான விண்டோஸில், தற்காலிக மாற்றம் என்ற குறிப்போடு நிரல் கேட்டிருந்தால், நிரல் மறைந்ததும் இயங்குதளமே திரையை மீட்டுவிடும். வைனின் பழைய பதிப்புகளில் இந்தக் காவல் இல்லை. அண்மைய பதிப்புகளில், வைனின் டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொள்ளும் துணை நிரலே, முழுத்திரையைப் பிடித்திருக்கும் நிரல் உயிரோடு இருக்கிறதா என்று காத்திருந்து, அது மறைந்ததும் திரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. உங்கள் லினக்ஸ் பதிப்பு சில ஆண்டுகள் பழையதாக இருந்தால், அதனுடன் வந்த வைனைப் புதுப்பிப்பதே முதல் மருந்து.

கேள்வி: ‘மெய்நிகர் டெஸ்க்டாப்’ வசதியை இயக்கினால் இந்தத் தொல்லைகள் இரா என்று நண்பர் சொல்கிறார். அது எங்கே இருக்கிறது? எப்போதும் இயக்கி வைக்கலாமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: நண்பர் சொல்வது சரி. வைனின் அமைப்பு நிரலான வைன்சிஎஃப்ஜியைத் திறந்து, கிராஃபிக்ஸ் என்ற பக்கத்துக்குச் சென்றால், மெய்நிகர் டெஸ்க்டாப்புக்கான தேர்வுப் பெட்டியும் அதன் கீழே அகலத்தையும் உயரத்தையும் குறிக்க இரண்டு கட்டங்களும் இருக்கும். அதை இயக்கினால், விண்டோஸ் நிரல்கள் எல்லாம் ஒரே சாளரத்துக்குள் அடைபடும். அந்தச் சாளரத்தின் உட்புறமே அவற்றுக்கு முழு உலகம். உள்ளேயிருக்கும் நிரல் 640 × 480 வேண்டும் என்று கேட்டால் அந்தச் சாளரத்தின் அளவு மட்டுமே மாறும். உண்மையான திரையோ உங்கள் ஐகான்களோ அசைவதில்லை.

எல்லா நிரல்களுக்கும் இதை இயக்கி வைக்க வேண்டாம் என்பதே எம் கருத்து. கணக்கு எழுதும் நிரல், அகராதி போன்றவை மற்றச் சாளரங்களோடு கலந்து தனித்தனியாகத் தெரிவதுதான் வசதி. வைன்சிஎஃப்ஜியின் முதல் பக்கத்தில் தொல்லை தரும் விளையாட்டின் பெயரை மட்டும் பட்டியலில் சேர்த்து, அதைத் தேர்ந்தெடுத்த நிலையில் கிராஃபிக்ஸ் பக்கத்துக்குப் போய்ப் பெட்டியை இயக்கினால், மாற்றம் அந்த விளையாட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். மெய்நிகர் டெஸ்க்டாப் படத்தைப் பெரிதாக்குவதில்லை. 1920 × 1080 திரையின் நடுவில் 640 × 480 அளவுள்ள விளையாட்டு, திரைப்பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இடத்தில், அஞ்சல் அட்டை ஒட்டியது போலத் தெரியும். பார்வை கூர்மையாக இருப்பவர்களுக்குப் போதும். மற்றவர்கள் அடுத்த பதிலைப் படிக்கவும்.

கேள்வி: ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் மூலம் அதே காலத்து விளையாட்டுகளை லினக்ஸில் இயக்கும்போது திரை கறுப்பதும் இல்லை, ஐகான்கள் கலைவதும் இல்லை. ஆனாலும் விளையாட்டு முழுத்திரையில் பெரிதாகவே தெரிகிறது. இது எப்படி முடிகிறது? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: ரெசல்யூஷனை மாற்றாமலேயே மாற்றிவிட்டதாக விளையாட்டிடம் சொல்லிவிடுகிறார்கள். விளையாட்டுக்கு உண்மையில் வேண்டியது மாறிய திரை அன்று. ‘மாற்றிவிட்டேன்’ என்ற பதிலும், அதன்பின் தான் வரையும் 640 × 480 படம் மக்களின் கண்ணுக்கு முழுத்திரையாகத் தெரிவதும்தான். இந்த இரண்டையும் திரையைத் தொடாமலே கொடுக்கலாம். படத்தை நினைவகத்தில் ஓரிடத்தில் வரையச்செய்து, வரைகலை அட்டையைக் கொண்டு அதைப் பெரிதாக்கித் திரையில் காட்டினால் போதும்.

சொல்வதற்கு எளிது. ஆனால் ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்களே, அது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. திரை 640 × 480 ஆகிவிட்டது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு அந்த நிரல் எந்த வாசலில் வந்து கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டும். திரையின் அகலம் என்ன என்று விண்டோஸில் கேட்பதற்கு ஒரு வழி அல்ல, பல வழிகள் உண்டு. கணினியின் அளவீடுகளைக் கேட்கும் கட்டளை ஒன்று, தற்போதைய ரெசல்யூஷனைக் கேட்பது இன்னொன்று, இந்தத் திரையின் எல்லைகள் எவை என்பது மற்றொன்று, டெஸ்க்டாப் சாளரத்தின் அளவு என்ன என்பது வேறொன்று. இவற்றில் ஒன்று மட்டும் வாய் தவறி 1920 என்று சொல்லிவிட்டால், விளையாட்டின் மெனு திரையின் நடுவில் தெரியாமல் வெளியே எங்கோ போய் நிற்கும்.

எல்லாவற்றையும்விடத் தலைவலி தருவது சுட்டி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 480 வரிகளை 1080 வரிகளாகப் பெரிதாக்க 2.25 மடங்கு வேண்டும். அதே மடங்கில் அகலம் 1440 ஆகும். 1920இல் எஞ்சும் 480 புள்ளிகள், இரு பக்கமும் 240 வீதம் கறுப்புப் பட்டையாக நிற்கும். இப்போது நீங்கள் உண்மையான திரையில் இடமிருந்து 1410, மேலிருந்து 810 என்ற இடத்தில் சொடுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வைன் அந்த எண்ணை அப்படியே விளையாட்டிடம் கொடுத்தால், 640 புள்ளிகளே உள்ள தன் உலகில் 1410 எங்கே என்று அது விழிக்கும். முதலில் கறுப்புப் பட்டையின் 240ஐக் கழித்து, வரும் 1170ஐ 2.25ஆல் வகுத்தால் 520 கிடைக்கும், 810ஐ 2.25ஆல் வகுத்தால் 360. ஆக, ‘520, 360இல் சொடுக்கினார்கள்’ என்று மாற்றிச் சொல்ல வேண்டும். விளையாட்டே சுட்டிமுனையை ஓரிடத்துக்கு நகர்த்த விரும்பினால் இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். சுட்டிமுனை கறுப்புப் பட்டைக்குள் போய்விடாமல் வேலியும் போட வேண்டும். பழைய வைன் பதிப்புகளில் ‘சுட்டி திரையின் இடது மேல் பகுதியில் மட்டும்தான் வேலை செய்கிறது’ என்று பலர் முறையிட்டதுண்டு. இந்தக் கழித்தல் வகுத்தலில் ஏதோ ஒரு படி விட்டுப்போனால் அப்படித்தான் ஆகும்.

இந்த முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மடிக்கணினிகளில் சில திரைகள் தம் இயல்பான அளவைத் தவிர வேறெதையும் பட்டியலில் காட்டுவதில்லை. அப்போது விளையாட்டு 640 × 480ஐக் கேட்டால், ‘அப்படி ஓர் அளவே இல்லை’ என்று பொருள்படும் எண்ணைத்தான் வைன் திருப்பித் தர முடியும். அதைக் கண்டதும் பழைய விளையாட்டுகள் ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். மாற்றுவது பாவனைதான் என்னும்போது, வேண்டிய அளவுகளையெல்லாம் பட்டியலில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில், வைனை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட புரோட்டானில் இந்த ஏற்பாடு ‘ஃபுல்ஸ்கிரீன் ஹேக்’ என்ற பெயரில் சேர்ந்தது. பெயரிலேயே ‘ஹேக்’ இருப்பதைக் கவனியுங்கள். ஒட்டுப்போட்ட வேலை என்று அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டதுபோல. மூல வைனில் இதற்கு நிகரான வசதி 2025 ஜனவரியில் வெளியான 10.0 பதிப்பில்தான் வந்தது. அதுவும் சோதனை நிலையில், விரும்புவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும் விருப்பமாக. தாமதம் என்று குறைசொல்பவர்கள் உண்டு. ஆனால் எல்லா வாசல்களிலும் ஒரே பதிலைச் சொல்லும்படி உள்கட்டமைப்பை முதலில் சீர்செய்துவிட்டுச் சேர்த்தது நல்லதே என்பது எம் எண்ணம்.

கேள்வி: அப்படிப் பெரிதாக்கும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. தெளிவாகத் தெரியவைக்க முடியாதா? (மதுரை வாசகர்)

பதில்: 2.25 என்ற மடங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. விளையாட்டின் ஒரு புள்ளி, திரையின் இரண்டேகால் புள்ளிகளை நிரப்ப வேண்டும். கால் புள்ளி என்று திரையில் ஒன்று இல்லாததால், பக்கத்துப் புள்ளியின் நிறத்தோடு கலந்துதான் காட்ட முடியும். அந்தக் கலப்பே மங்கல். முழு எண் மடங்கில் பெரிதாக்கினால் மங்கல் இராது. ஆனால் 1080 வரித் திரையில் இரண்டு மடங்குக்குத்தான் இடம் உண்டு. படம் 1280 × 960 ஆகி, இரு பக்கமும் 320, மேலும் கீழும் 60 என்று நான்கு புறமும் கறுப்புச் சட்டம் சூழும். 2560 × 1440 திரை வைத்திருப்பவர்கள் பேறு பெற்றவர்கள்: 480ஐ மூன்றால் பெருக்கினால் மிகச் சரியாக 1440. புரோட்டானில் முழு எண் மடங்கைத் தேர்ந்தெடுக்க ஒரு சூழல் மாறி (நிரலைத் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்பு மதிப்பு) உண்டு. வேறொரு நிரலைத் தனக்குள் இயக்கிப் பெரிதாக்கிக் காட்டும் வால்வின் கேம்ஸ்கோப் நிரலிலும் அதற்கான தெரிவு இருக்கிறது.

கேள்வி: ரெசல்யூஷனோடு 8 பிட் நிறத்தையும் விளையாட்டு கேட்பதாகச் சொல்கிறீர்கள். இன்றைய திரைகளில் 256 நிறம் என்ற நிலையே கிடையாதே? (ஈரோடு வாசகர்)

பதில்: கூர்மையான கேள்வி. எக்ஸ்11இல் நிறத்தின் ஆழத்தை இயங்கும்போதே மாற்ற வழியில்லை. ஆகவே வைன், 8, 16, 32 பிட் மூன்றும் உண்டு என்று பட்டியலில் காட்டிவிட்டு, உள்ளே 256 நிறங்களின் அட்டவணை ஒன்றைத் தானே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை படம் வரையப்படும்போதும் புள்ளியின் எண்ணை உண்மையான நிறமாக மாற்றிக் காட்டுகிறது. படத்தைத் தொடாமல் அட்டவணையில் நிறங்களை மட்டும் சுழற்றி, தண்ணீர் அசைவது போலக் காட்டுவது அக்கால விளையாட்டுகளின் தந்திரம். வைன் அதையும் இந்த வழியிலேயே சமாளிக்கிறது.

விண்டோஸும் இதற்கு விலக்கன்று. விண்டோஸ் 7இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தை ஆடியவர்களுக்குப் புல்வெளி ஊதாவாகத் தெரிந்தது நினைவிருக்கலாம். டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர், நிற அட்டவணையில் சில இடங்களைத் தனக்கென மாற்றி வைத்ததன் விளைவு அது. எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு ஆடுவதே அன்று இணையத்தில் பரவிய வைத்தியம். விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் உண்மையான 8 பிட் நிலையைக் கைவிட்டு, பழைய நிரல்களுக்குப் பாவனையாகவே காட்டுகிறது.

கேள்வி: உபுண்டுவின் புதிய பதிப்புக்கு மாறினேன். மாட்டிக்கொண்ட திரையை மீட்க நீங்கள் சொல்லும் ரேண்டார் கட்டளை வேலை செய்யவில்லை. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அங்கே எக்ஸ்11க்குப் பதிலாக, திரையைக் கையாளும் புதிய ஏற்பாடான வேலண்ட் இயங்குவதே காரணம். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 முதல், அதன் இயல்பான க்னோம் டெஸ்க்டாப்பில் எக்ஸ்11 அமர்வே இல்லை. வேலண்டின் விதி கண்டிப்பானது: திரையின் அளவை டெஸ்க்டாப் மட்டுமே தீர்மானிக்கும், எந்த நிரலும் அதை மாற்ற முடியாது. வைன் போன்ற எக்ஸ்11 நிரல்கள் அங்கே எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தரகர் மூலம் இயங்குகின்றன. 2021இல் வெளியான எக்ஸ்வேலண்ட் 21.1 பதிப்பிலிருந்து, ஒரு நிரல் ரெசல்யூஷனை மாற்றக் கேட்டால், கேட்ட நிரலுக்கு மட்டும் மாறியதாகக் காட்டிவிட்டு, அதன் முழுத்திரைச் சாளரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஏற்பாடு இருக்கிறது. ஆகவே மாட்டிக்கொண்ட திரையை மீட்கும் கட்டளைக்கு இனி வேலையில்லை; திரை மாட்டிக்கொள்ளவே போவதில்லை. ஐகான்களும் இடம்பெயரா.

வைனுக்கே நேரடியாக வேலண்டிடம் பேசும் பகுதி, 2024 ஜனவரியில் வெளியான 9.0 பதிப்பில் சோதனை நிலையில் சேர்ந்தது. அதிலும் ரெசல்யூஷன் மாற்றம் பாவனையே.

கேள்வி: புதிய மடிக்கணினியின் திரை 3840 × 2160. அச்சகத்தில் பயன்படுத்தும் பழைய விலைப்பட்டியல் நிரலை வைனில் திறந்தால் எழுத்துகள் கடுகு போலத் தெரிகின்றன. வைன்சிஎஃப்ஜியில் ‘ஸ்கிரீன் ரெசல்யூஷன்’ என்று ஒன்றைப் பார்த்தேன். அதில் 3840 என்று போட முடியவில்லையே? (சிவகாசி வாசகர்)

பதில்: உங்களைக் குழப்பியது அந்தப் பெயர்தான், எம்மையும் ஒருகாலத்தில் குழப்பியிருக்கிறது. அங்கே குறிக்கப்படுவது திரையில் எத்தனை புள்ளிகள் என்பது அன்று. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்று நிரலிடம் சொல்ல வேண்டும் என்பது. இயல்பான மதிப்பு 96. அதை 192 ஆக்கினால் எழுத்துகளும் பட்டியல்களும் இரு மடங்காகும். 144 என்றால் ஒன்றரை மடங்கு. மாற்றிய பின் திறந்திருக்கும் விண்டோஸ் நிரல்களை எல்லாம் மூடிவிட்டு மறுபடி திறக்கவும்.

ஆனால் பழைய நிரல்களில் ஒரு வம்பு உண்டு. பொத்தான்களின் அளவைப் புள்ளிக் கணக்கில் நிலையாக எழுதி வைத்திருப்பார்கள். எழுத்து வளரும், பொத்தான் வளராது. ‘மொத்தத் தொகை’ என்பது ‘மொத்தத் தொ’ என்று நிற்கும். அப்படியானால் 192ஐ விட்டு 120 அல்லது 144ஐ முயன்று பாருங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால், அந்த நிரலைக் கேம்ஸ்கோப்புக்குள் 1920 × 1080 அளவில் இயக்கி, சரியாக இரு மடங்கில் பெரிதாக்கிக் காட்டச்செய்யலாம். கேம்ஸ்கோப்பில் உள் அளவுக்கு டபிள்யூ, எச் எழுத்துகளைச் சிறியதாகவும் வெளி அளவுக்கு அவற்றையே பெரியதாகவும் எழுத வேண்டும். விளையாட்டுக்காகச் செய்த கருவியில் விலைப்பட்டியல் போடக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை.

கேள்வி: இரண்டு திரைகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் விளையாட்டு தொடங்கினால் மற்றொன்றும் குலைகிறது. (சென்னை வாசகர்)

பதில்: 2020 ஜனவரியில் வந்த வைன் 5.0 முதல் பல திரைகளை ஒழுங்காகக் கையாளும் வசதி இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் புதுப்பியுங்கள். புதியதிலும் தொல்லை தொடர்ந்தால், விளையாட்டு முதன்மைத் திரையையே பெரும்பாலும் நாடும் என்பதால், ஆட விரும்பும் திரையை டெஸ்க்டாப் அமைப்புகளில் முதன்மையானதாகக் குறித்துவிட்டு மறுபடி முயலுங்கள். இரண்டு திரை உள்ளவர்கள் முன் பதிலில் சொன்ன சுழியக் கட்டளையைத் தவிர்ப்பது நல்லது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படத்தைக் காட்டத் தொடங்கிவிடக்கூடும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். விண்டோஸுக்காக ஒரு சிறு விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். வைனிலும் தொல்லையின்றி இயங்க என்ன செய்ய வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: ரெசல்யூஷனை மாற்றும் கட்டளையை எழுதவே வேண்டாம். விளிம்பில்லாத சாளரம் ஒன்றைத் திரை முழுவதற்கும் திறந்து, உங்கள் படத்தை உங்களுக்கு வேண்டிய அளவில் நினைவகத்தில் வரைந்து, நீங்களே பெரிதாக்கிக் காட்டுங்கள். மேலே சொன்ன 240ஐக் கழித்து 2.25ஆல் வகுக்கும் கணக்கு அப்போது உங்கள் நிரலுக்குள்ளேயே இருக்கும். வைன் ஊகிக்க வேண்டியதில்லை. திரையின் அளவைத் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், அளவு மாறியதாக விண்டோஸ் அனுப்பும் செய்தி வரும்போதெல்லாம் மறுபடி கேளுங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியில் புரொஜெக்டர் கேபிளைச் செருகிப் பிடுங்கி ஒருமுறை சோதித்துவிட்டுப் பிறகு நண்பர்களிடம் கொடுங்கள்.